டிரைவர் எங்கே படுப்பார்?

நம்மவர்கள் கூட்டமாகச் சுற்றுலாப் புறப்படும்போது கணக்குப் போடுவதில் மகா சமர்த்தர்கள். எத்தனை தலை, எத்தனை அறை, பாட்டிக்குக் கீழ்த்தளத்தில் இடம் கிடைக்குமா, பிள்ளைக்கு அரை டிக்கட்டா முழு டிக்கட்டா, இட்லி கட்டிக்கொண்டு போவதா வழியில் வாங்குவதா என்று சகலமும் காகிதத்தில் ஏறிவிடும். ஒரே ஒரு தலை மட்டும் அந்தக் காகிதத்தில் ஏறுவதில்லை. வண்டி ஓட்டுகிறவர் ராத்திரி எங்கே படுப்பார்? கேட்டுப் பாருங்கள். "அவரு வண்டியிலேயே படுத்துக்குவாருங்க" என்று பதில் வரும். பதில் சொல்கிறவர் அந்த வண்டியில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்தவர் அல்லர்.

இந்தப் பழக்கத்தை நாம் கடல் கடந்தும் கொண்டுபோயிருக்கிறோம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இதைப் படித்தால் என் சிநேகிதக் கூட்டத்தில் ஏழு பேருக்குக் கோபம் வரும். ஏழில் ஒன்று என் மனைவி. அவள் என் கட்சி. ஆகவே ஆறு பேர் என்று திருத்திக்கொள்கிறேன். அவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இரண்டு வருஷங்களுக்கு முன்பு, ஓர் ஆகஸ்டு மாதத்தில், நாங்கள் நான்கு தம்பதிகள் கிரீஸ் தேசத்துக்குப் போய் ஒரு பாய்ப்படகை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தோம். ஆண்கள் நால்வரும் ஒரே கல்லூரியில் சேர்ந்தவர்கள். ஒருவர் டாக்டர். ஒருவருக்கு வங்கியில் பெரிய உத்தியோகம். ஒருவர் ஜெர்மனியில் எஞ்சினீயர். நான்காவது ஆசாமி பட்டத்தை முடிக்காமல் பாதியில் ஓடிவந்து கதை எழுதப் போனவன். கதை எழுதுகிறவனுக்கு ஏது இத்தனை பணம் என்று வாசகர்கள் கேட்பது நியாயம். என் நாவல் ஒன்றை டெலிவிஷன் தொடருக்கு வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கதையை அவர்கள் என்ன பாடு படுத்தினார்கள் என்பது வேறு கட்டுரைக்கான சமாசாரம். அந்தப் பணம் தண்ணீரில் போனதில் எனக்கு வருத்தமில்லை.

நாங்கள் எடுத்த படகுக்குக் காட்டமரான் என்று பெயர். இரண்டு ஒல்லியான படகுகளை இணையாக நிறுத்தி, நடுவில் பாலம் போட்டதுபோல் ஒரு கூடம் கட்டி, மேலே ஒரு பாய்மரம் நட்டிருப்பார்கள். எங்களுடையது 42 அடி நீளம், ஏறக்குறைய 23 அடி அகலம். சாதாரணப் பாய்ப்படகு காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு ஓடும், இது சாயாது. மேஜைமேல் வைத்த காப்பி டம்ளர் வைத்த இடத்தில் இருக்கும். பக்கத்துக்கு இரண்டாக நான்கு படுக்கை அறைகள், அறைக்கொரு குளியலறை. நான்கு ஜோடிகளுக்கு நான்கு அறைகள்! எங்களை அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. யாருக்கு எந்த அறை என்று சண்டை வராது என்பதில் வங்கி நண்பருக்குப் பரம சந்தோஷம்.

ஆனால் படகை யார் ஓட்டுவது? ஆஸ்திரேலியாவில் விட்சண்டே தீவுகள் என்று ஓரிடம் இருக்கிறது. அங்கே அத்தாட்சிப் பத்திரம் ஒன்றும் கேட்காமல், பாடம் சொல்லிக்கொடுத்து, படகையும் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். தினமும் ரேடியோவில் கூப்பிட்டு விசாரித்துக்கொள்வார்கள். வங்கி நண்பர் அந்த யோசனையைத்தான் முதலில் கொண்டுவந்தார். விமானக் கட்டணம் எங்களைக் காப்பாற்றிற்று. கிரீஸில் அப்படி விடுவதில்லை. படகோட்டும் தகுதிப் பத்திரம் உள்ளவர் ஒருவரும், வேலை தெரிந்த துணையாள் ஒருவரும் படகில் இருந்தாக வேண்டும். எங்கள் எட்டுப் பேரிடமும் சேர்த்து இருந்தது நான்கு கார் லைசென்ஸுகள். ஆகையால் நாளொன்றுக்கு 200 யூரோவும் சாப்பாடும் என்று பேசி ஒரு கேப்டனை அமர்த்திக்கொண்டோம். கயிறு பிடிக்கிற துணையாள் வேலையை ஜெர்மனி நண்பர் ஏற்றுக்கொண்டார். அங்கே ஏரியில் படகு விட்டுப் பழகியவர்.

படகின் வரைபடம் வந்த அன்று என் மனைவிதான் கேட்டாள்: "நாலு ரூமும் நமக்கே ஆயிடுத்தே, அந்த மனுஷர் எங்கே படுப்பார்?"

வங்கி நண்பர் விசாரித்துச் சொன்னார். படகின் மூக்கில் அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறதாம். எல்லாப் படகிலும் அப்படித்தானாம். விஷயம் அத்துடன் முடிந்தது. பிறகு வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் விவாதம் நடந்தது. ஊறுகாய் எத்தனை பாட்டில் என்பதைப் பற்றி.

அந்த இடத்தை நான் லாவ்ரியோ துறையில் படகில் ஏறிய சாயங்காலம் பார்த்தேன். மேல்தளத்தின் முனையில் ஜன்னல் மாதிரி ஒரு மூடி. அதைத் தூக்கினால் உள்ளே இறங்க ஒரு சிறு ஏணி. கீழே ஒரு மனிதன் மல்லாந்து படுக்கலாம். புரண்டால் தோள் இடிக்கும். கால்மாட்டில் கழிப்பறைத் தொட்டி. அதற்கும் படுக்கைக்கும் நடுவே சுவர் கிடையாது. அலை முதலில் வந்து அறைவது அங்கேதான். நங்கூரச் சங்கிலி இழுபடும் ஓசை பலமாகக் கேட்பதும் அங்கேதான். மூடியைத் திறந்து வைத்தால் நீர் தெறிக்கும். மூடிவிட்டால் ஆகஸ்டு மாதத்துப் புழுக்கம். கேப்டனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அந்தப் பொந்தில் அவர் இறங்கியதை முதல் ராத்திரி பார்த்தேன். பார்த்துவிட்டு என் அறைக்குப் போய்ச் சுகமாகத் தூங்கினேன். இதைச் சொல்லாமல் மற்றவர்களை மட்டும் ஏசினால் நான் எழுதுவதற்கு நாணயம் இல்லை.

எனக்கு அது புதிதாகவும் இருக்கவில்லை. பதினைந்து வருஷங்களுக்கு முன் எங்கள் குடும்பத்தில் பதினான்கு பேர் ஒரு வேன் அமர்த்திக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து தெற்கே கோயில் கோயிலாகப் போனோம். திருச்செந்தூரில் ராத்திரி தங்கல். எங்களுக்கு விடுதியில் ஐந்து அறைகள். மறுநாள் கன்னியாகுமரியில் சூரியோதயம் பார்க்க வேண்டும் என்று பெண்கள் ஆசைப்பட்டார்கள். விடியற்காலை மூன்றரை மணிக்கு நான்தான் போய் வேன் கண்ணாடியைத் தட்டினேன். உள்ளே கடைசி சீட்டில், காலை மடக்கிக்கொண்டு, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார் டிரைவர். கொசுவர்த்தி பாதி எரிந்து அணைந்திருந்தது.

"முழிச்சுத்தான் இருக்கேன் சார். கொசு ராத்திரி பூரா விடல" என்றார். பாட்டில் தண்ணீரை முகத்தில் தெளித்துக்கொண்டு வண்டியை எடுத்தார். பத்து மைல் போயிருப்போம். வண்டி ஒரு தரம் ரோட்டின் நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பிற்று. முன்சீட்டில் இருந்த சித்தப்பா மெல்ல, "டிரைவர், ஒரு டீ சாப்பிட்டுட்டுப் போகலாமே" என்றார். அவ்வளவுதான். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சூரியோதயமும் பார்த்தோம்.

ஆகிவிட்டவர்களைப் பற்றி மறுநாள் பத்திரிகையில் வருகிறது. வேன் புளியமரத்தில் மோதிற்று, டிரைவர் கண் அயர்ந்ததே காரணம் என்று போலீசார் தெரிவித்தனர். நானும் வாக்கியம் எழுதிப் பிழைக்கிறவன், ஆகவே கவனிக்கிறேன். அந்த வாக்கியத்தில் எழுவாய் டிரைவர். கண் அயர்ந்தது அவர். முந்தின ராத்திரி அவரைக் கொசுக்கடியில் போட்டுவிட்டு விசிறிக்கடியில் தூங்கினவர்கள் வாக்கியத்தில் எங்கேயும் இல்லை. அவர் எங்கே படுத்திருந்தார் என்று எந்த நிருபரும் கேட்டு எழுதி நான் படித்ததில்லை.

போகட்டும், படகுக்கு வருகிறேன்.

முதல் நாள் இரவு டாக்டர் நண்பர் கையில் கிளாஸை வைத்துக்கொண்டு எழுந்து ஒரு பிரசங்கம் செய்தார். காட்டமரான் என்பது தமிழ்ச் சொல். நம் கட்டுமரம்தான் உலகத்துக்கு இந்தப் படகைக் கொடுத்தது. இன்று வெள்ளைக்காரன் நம் பெயரைச் சொல்லித்தான் பாய் விரிக்கிறான் என்றார். எல்லோரும் கை தட்டினோம். ஜெர்மனி நண்பர் அதை இங்கிலீஷில் கேப்டனுக்குச் சொன்னார். கேப்டன் ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "அப்படியானால் உங்களில் கடலில் தொழில் செய்கிற குடும்பத்தார் யார்?" என்றார்.

எங்களில் யாரும் இல்லை. தொழில் செய்கிற குடும்பம் கிடக்கட்டும். ஒரு மீனவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்தவரும் எங்கள் எட்டுப் பேரில் இல்லை. மெரீனாவில் சுண்டல் தின்றபடி கட்டுமரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறோம். எழுந்திரு என்று சொல்ல அதன் சொந்தக்காரர் வந்தால் முகத்தைச் சுளித்திருக்கிறோம்.

டாக்டர் சொன்னதில் சொல்லைப் பற்றியது மட்டும் வாஸ்தவம். வில்லியம் டாம்பியர் என்ற இங்கிலீஷ்காரக் கடலோடி 1697இல் வெளியிட்ட பிரயாண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை அந்தப் பெயராலேயே விவரித்திருக்கிறார். ஆனால் அது மிதப்பான மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டிய தெப்பம். கரைக்கு வந்தால் கட்டை அவிழ்த்து உலர்த்துவார்கள். இரட்டைப் படகு என்கிற பொருளோ பசிபிக் தீவுகளில் வாழும் பாலினீசியருடையது. அவர்கள் அதில் ஏறித்தான் மகாசமுத்திரத்தைக் கடந்து தீவு தீவாகக் குடியேறினார்கள். அமெரிக்காவில் நாதனியேல் ஹெர்ரஷாஃப் என்பவர் கட்டிய அமாரில்லிஸ் என்னும் இரட்டைப் படகு 1876இல் நியூயார்க் பந்தயத்தில் மற்றப் படகுகளைத் தோற்கடித்தது. தோற்றவர்கள் இதெல்லாம் படகே அல்ல என்று ஆட்சேபித்து, அந்த ரகத்தையே பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். எப்படியோ நம் தெப்பத்தின் பெயர் அந்தப் படகுக்கு ஒட்டிக்கொண்டது. இதில் நாம் மார் தட்டிக்கொள்ள என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

மார் தட்டித்தான் ஆகவேண்டும் என்றால் தட்டுவதற்கு வேறு விஷயம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சென்னைக்கு ஒழுங்கான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நிற்கும். நடுவே கரையோரத்து அலை. அந்த அலையைத் தாண்டிக் கடிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் கட்டுமரக்காரர்கள்தான். மனிதர்கள் மசூலாப் படகில் கரைக்கு வருவார்கள். படகு கவிழ்ந்தால் தண்ணீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றியவர்களும் இவர்களே. இன்றைக்குப் போகலாமா, கூடாதா என்பதில் இவர்கள் கண்ணை நம்பியே எத்தனையோ பெரிய துரைகளின் உயிர் இருந்தது. அந்த அதிகாரத்தைப் பற்றி எங்கள் டாக்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குப் பெயர் போதும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் நம் கரையில் கட்டுமரத்தை அநேகமாக ஓரங்கட்டிவிட்டன. இனி பெயருக்குச் சொந்தம் கொண்டாடுவது இன்னும் சுலபம்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஞாயிறன்று கேயா தீவு, திங்களன்று கித்னோஸ் தீவு. கித்னோஸில் கொலோனா என்று ஒரு குடா. மெல்லிய மணல் திட்டு ஒன்று, அதன் இரு பக்கமும் கடல். பெண்கள் அந்த மணலைவிட்டு வர மாட்டேன் என்றார்கள். செவ்வாய் மாலை வரை இப்படியே சொர்க்கம். மறுநாள் மிக்கோனோஸ் தீவுக்குப் போவதாகத் திட்டம். போட்டோக்களில் வருமே, வெள்ளைச் சுவரும் காற்றாலைகளும், அந்த ஊர். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் லாவ்ரியோவுக்குத் திரும்பிப் படகை ஒப்படைக்க வேண்டும்.

கேப்டன் வரைபடத்தைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். "மெல்டெமி வருகிறது. நாளை மாலையிலிருந்து மூன்று நாள். ஏழாம் எண். மிக்கோனோஸ் வேண்டாம். நாளைக் காலை கேயாவுக்குத் திரும்பிவிடலாம்" என்றார்.

மெல்டெமி என்பது கோடையில் ஏஜியன் கடலில் வடக்கேயிருந்து வீசும் காற்று. பால்கன் பிரதேசத்தின்மேல் காற்றழுத்தம் கூடியும், துருக்கிப் பக்கம் குறைந்தும் இருப்பதனால் வருவது. பழங்கால கிரேக்கர்களுக்கே இது பழக்கமான விருந்தாளி. ஏழாம் எண் என்றால் பியூபோர்ட் என்ற கடற்படை அதிகாரி 1805இல் வகுத்த அளவுப்படி, மணிக்கு 28 முதல் 33 கடல் மைல் வேகம். இதில் நம்மவர்களை ஏமாற்றுகிற அம்சம் ஒன்று இருக்கிறது. நமக்குப் புயல் என்றால் வானம் கறுக்க வேண்டும், இடி இடிக்க வேண்டும். மெல்டெமி நிர்மலமான நீல வானத்தில் வருகிறது. வெயில் பளிச்சென்று அடிக்கும். காற்று படகைப் பிடுங்கும்.

"ஒரு மேகம்கூட இல்லையே!" என்றார் வங்கி நண்பர்.

கேப்டன் பொறுமையாக விளக்கினார். போவது கஷ்டமில்லை, காற்றைப் பக்கவாட்டிலும் முதுகிலும் வாங்கிக்கொண்டு ஜோராகப் போய்விடலாம். வருவதுதான் சங்கதி. காற்றை முன்பக்கத்தில் வாங்கிக்கொண்டு வரவேண்டும். காட்டமரானுக்கு எதிர்க்காற்றில் ஏறுகிற சாமர்த்தியம் குறைவு. இன்னொன்றும் சொன்னார். சாதாரணப் பாய்ப்படகு காற்று மிஞ்சினால் சாயும். சாய்ந்து, போதும் போதும் என்று சொல்லும். பார்க்கிறவர்களுக்கே பாயைச் சுருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். இந்தப் படகு சொல்லாது. காற்றளக்கும் கருவி ஏறக்குறைய இருபது காட்டும்போதே, எல்லாம் சுகமாக இருக்கும்போதே, பாயைச் சுருக்கிவிட வேண்டும். சாதாரணப் படகின் அடியில் ஈயமோ இரும்போ கனமாக இருக்கிறது. சாய்த்தாலும் அது நிமிர்த்திவிடும். இதன் அடியில் அப்படி ஒன்றும் இல்லை. கவிழ்ந்தால் மிதக்கும், நிமிராது.

எங்கள் காப்பி டம்ளர் நான்கு நாளாக ஆடாமல் இருந்ததற்கு இப்படி ஓர் அர்த்தம் உண்டென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மற்றவர்களுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. வங்கி நண்பர், "சரி, வோட்டு எடுப்போம்" என்றார்.

வாசகர்கள் நம்ப வேண்டும். எடுத்தோம். மிக்கோனோஸுக்கு ஆறு கைகள். கேயாவுக்கு இரண்டு: என் மனைவியுடையதும் ஜெர்மனி நண்பருடையதும். அவர் ஏரியிலாவது காற்றைப் பார்த்தவர். என் கை எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நண்பர்கள் நடுவே தனித்து நிற்கக் கூச்சம் என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கேப்டன் கையில் இருந்த காப்பியைக் குடித்து முடித்தார். "நான் போகப் போவதில்லை" என்று சொல்லிவிட்டு வரைபடத்தைச் சுருட்டினார்.

அடுத்த அரைமணி நேரம் தமிழில் நடந்த பேச்சை இங்கே எழுதக் கூசுகிறது. "இந்த ஆளுக்கு என்ன திமிரு?" என்பது அதில் மிருதுவான வாக்கியம். "டிரைவர் டிரைவரா இருக்கணும்" என்றார் டாக்டர். கட்டுமரத்துக்குக் கிளாஸைத் தூக்கிய அதே டாக்டர். வங்கி நண்பர் படகுக் கம்பெனிக்குப் போன் போட்டு, நாங்கள் கட்டிய தொகையை யூரோவிலும் ரூபாயிலும் சொல்லி முறையிட்டார். அந்தப் பக்கத்துப் பெண் அமைதியாக, கேப்டன் சொல்வதே முடிவு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அன்று ராத்திரி இரண்டு மணிக்கு என் மனைவி தண்ணீர் குடிக்கக் கூடத்துக்குப் போனாள். வெளியே மேல்தளத்தில் கேப்டன் ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நங்கூரம் நகர்கிறதா என்று கரையில் ஒரு பாறையைக் குறிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தூங்கவில்லையா என்று கேட்டதற்குச் சிரித்து, அந்தப் பொந்தைக் கைகாட்டி, "அங்கேயா?" என்றாராம். எட்டுப் பேரின் உயிர் அந்த ஒருவருடைய விழிப்பில் இருந்தது. அந்த ஒருவருக்குத்தான் படகிலேயே தூங்க முடியாத இடத்தைக் கொடுத்திருந்தோம்.

மறுநாள் கேயாவுக்குத் திரும்பினோம். காற்று முன்னதாகவே கிளம்பிவிட்டது. ஐந்தரை மணி நேரம் எதிர்க்காற்று. படகின் வயிற்றை அலை கீழிருந்து சம்மட்டியால் அடித்தது. மூன்று பேர் வாந்தி. டாக்டரும் அதில் ஒருவர். கேயாவில் வூர்காரி என்ற துறையில் கட்டிப்போட்டுக்கொண்டு, வியாழன் முழுவதும் சீட்டாடினோம். வெள்ளிக்கிழமை விடியலில் காற்று கொஞ்சம் இறங்கிய நேரம் பார்த்து லாவ்ரியோ வந்து சேர்ந்தோம்.

ஆக, ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் தொந்தரவு. மிக்கோனோஸுக்குப் போயிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்று நண்பர்கள் இன்றும் சொல்கிறார்கள். போகாத பிரயாணத்தில் நடக்காத விபத்துக்கு நான் எங்கே போய் சாட்சி கொண்டுவருவேன்? விடுதியில் டிரைவருக்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தால் அதனால் மோதாமல் போன புளியமரத்தை யாராவது எண்ணிக் காட்ட முடியுமா?

வங்கி நண்பர் என்னிடம் வாதாடினார். அவர் வாதத்தை அப்படியே கொடுக்கிறேன். "அவருக்கு நாள் ஒன்றுக்கு 200 யூரோ. உன் ஒரு கதைக்கு அவ்வளவு தருகிறார்களா? அவர் சம்மதித்துத்தான் வந்தார். அந்தத் தொழிலில் அங்கேதான் படுப்பது வழக்கம். அவரே குறை சொல்லவில்லை. நீ கதை எழுதுகிறவன், உனக்கு எதைப் பார்த்தாலும் கண்ணில் தண்ணீர் வரும்."

கதைக்கு அவ்வளவு தருவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் சம்மதித்தார் என்றால், மறுத்தால் அந்த வாரம் வேலை வேறு ஒருவருக்குப் போய்விடும் என்று தெரிந்து சம்மதித்தார். வேன் டிரைவரும் சம்மதித்துத்தான் வருகிறார். குறை சொல்லவில்லை என்பதும் சரிதான். கூலிக்கு வந்தவர் குறை சொன்னால் அதற்குத் திமிர் என்று பெயர் வைக்கிறோம் என்பதை ஒரு வரைபடத்தை விரித்த பாவத்துக்கே பார்த்தோமே! வழக்கம் என்கிற வாதம் எனக்கு ரொம்பப் பழசு. நம் ஊரில் பின்கட்டுக் கதவுக்கும் தனி டம்ளருக்கும் அந்த வாதம்தான் காவல் நின்றது.

அப்புறம், இது கண்ணில் தண்ணீர் வரும் விஷயமே அல்ல. நான் கருணை காட்டச் சொல்லவில்லை. என் உயிர்மேல் எனக்கு இருக்கிற ஆசையைத்தான் பேசுகிறேன். கத்தி எடுக்கிற அன்று டாக்டர் முந்தின ராத்திரி தூங்கியிருக்க வேண்டும் என்பதில் எங்கள் டாக்டருக்குச் சந்தேகம் உண்டா? அதே டாக்டர், காற்றிலும் இருட்டிலும் தம்மைச் சுமந்து போகிறவரைச் சங்கிலி அறையில் அடைப்பதை எப்படிச் சௌகரியமான ஏற்பாடு என்கிறார்?

கப்பல் உலகம் இந்த வழக்கை முன்பே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லியாயிற்று. 1912இல் டைட்டானிக் மூழ்கியதன் விளைவாக 1914இல் கடற்பிரயாணப் பாதுகாப்புக்கென்று ஒரு சர்வதேச உடன்படிக்கை எழுதினார்கள். இப்போது நடைமுறையில் இருப்பது 1974ஆம் வருஷத்து உடன்படிக்கை. அதில் பிற்பாடு சேர்த்த ஒரு விதி, உயிர்ப் பாதுகாப்புக்காகக் கப்பல் தலைவர் எடுக்கும் முடிவை யாரும் தடுக்கக் கூடாது என்கிறது. யாரும் என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடவில்லை. கப்பலின் சொந்தக்காரர் தடுக்கக் கூடாது, கம்பெனி தடுக்கக் கூடாது, வாடகைக்கு எடுத்தவர் தடுக்கக் கூடாது என்று பெயர் சொல்லிப் போட்டிருக்கிறது. பெரிய கப்பல்களை மனத்தில் வைத்து எழுதியதுதான். ஆனாலும் 42 அடிப் படகில் ஆறு கைகளைத் தூக்கிய எங்களைப் பார்த்தே எழுதியது போலிருக்கிறது. நம் ஊர் வேனுக்கு இப்படி ஒரு விதி உண்டா? "எனக்குத் தூக்கம் வருது சார், விடிஞ்சதும் கிளம்பலாம்" என்று ஒரு டிரைவர் சொல்லி, அதைக் கேட்டுக்கொண்டு மறுபடியும் படுக்கப் போன குடும்பத்தை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கடைசி நாள் லாவ்ரியோவில் கேப்டனுக்கு இனாம் கொடுப்பது பற்றி ஒரு சின்னச் சர்ச்சை நடந்தது. அதை விட்டுவிடுகிறேன். கொடுத்தோம்; குறைத்துக் கொடுத்தோம். அவர் எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த வாரத்துக்காரர்கள் வருவதற்குள் பொந்தில் இறங்கித் தம் போர்வையை எடுத்து வெயிலில் உலர்த்தினார்.

வருகிற ஜனவரியில் தாய்லாந்துப் பக்கம், புக்கெட் தீவிலிருந்து மறுபடியும் ஒரு காட்டமரான் எடுக்கலாம் என்று நண்பர்கள் எழுதியிருக்கிறார்கள். நான்கு அறைகள் உள்ள படகின் வரைபடமும் வந்தது. நான் ஓர் அறையில் பேனாவால் 'கேப்டன்' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அப்படியானால் நான்கு ஜோடிகளில் யார் விலகுவது என்று கேட்டு வங்கி நண்பர் ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறார். பதில் வந்து பத்து நாளாகிறது. நானும் என் மனைவியும் தினம் சாப்பிட்டு முடித்த பிறகு அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.